படத்தில் இல்லாத கதவு

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கண்ணாடித் தகடுகளுக்கு மெல்லிய பூச்சு ஏற்றுவார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த இரும்பு அறைக்குள் கொஞ்சம் வாயுவை விட்டு, ரேடியோ அலைவரிசையில் மின்சாரம் கொடுத்தால் வாயு ஊதாவாக ஒளிரும். அதுதான் பிளாஸ்மா. அதற்குள் நடப்பதைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்ப்பது என் வேலை.

ஒரு மழைக்காலத்தில் தகடுகளின் ஒரு ஓரத்தில் மட்டும் கறை விழத் தொடங்கியது. தகடுகளை உள்ளே அடுக்குகிறவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். காண்ட்ராக்ட் ஆள், குன்றத்தூர் ஹாஸ்டலில் இருந்தாள். வெறுங்கையால் தொட்டிருக்கிறாள் என்று பேச்சு கிளம்பியது.

"சத்தியமா கிளவுஸ் போட்டுத்தான்க்கா புடிச்சேன்" என்று கேன்டீனில் என்னிடம் அழுதாள்.

மேனேஜர் சிமுலேஷன், அதாவது அந்தக் கம்ப்யூட்டர் கணக்கு, கேட்டார். மறுநாளே வேண்டுமாம். அவசரத்துக்கு இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. அறை வட்டம் என்பதால், தர்பூசணிக் கீற்று மாதிரி ஒரு துண்டை மட்டும் கணக்கிட்டு, அதையே சுழற்றி முழுப் படமாக்கிவிடுவோம். தகடுகளை உள்ளே விடும் பக்கவாட்டுக் கதவு அதில் இருக்காது. சுற்றிலும் ஒரே மாதிரி பிளாஸ்மாதான் வரும், வேறெதுவும் வர வழியில்லை. இதை மீட்டிங்கில் வாய்விட்டே சொன்னேன். யார் காதில் விழுந்தது? வண்ணப் படத்தைப் பார்த்ததும் அத்தனை முகத்திலும் நிம்மதி.

"கம்ப்யூட்டரே கிளீனுன்னு சொல்லிடுச்சே மேடம், அப்புறம் இன்னா? அந்தப் பொண்ணு கைதான்" என்றார் சூப்பர்வைசர், பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஷிப்ட் முடிவதற்குள் அவளுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

யாரும் கேட்காமலே, கதவையும் சேர்த்து முழு அறையையும் கணக்கிட ஆரம்பித்தேன். வாரக்கணக்கில் ஓடியது. கடைசியில் கதவோரம் மட்டும் பிளாஸ்மா தடித்து நின்றது, கறை விழுந்த அதே பக்கம். கதவையும் அறைச் சுவரையும் இணைக்கும் உலோகப் பட்டை சரியாகப் பொருந்தாததால், மின்சாரம் திரும்பும் வழி அங்கே கெட்டுப்போயிருந்தது. மேனேஜர் "சூப்பர்" என்றார். பட்டையை மாற்றினார்கள், கறை நின்றது.

"அந்தப் பெண்?" என்று கேட்டேன்.

"அது காண்ட்ராக்டர் மேட்டர்மா."

அன்று மாலை அவளுக்குப் போன் செய்தேன். ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கண்ணாடியைக் கெடுத்தவள் என்று காண்ட்ராக்டர் சொல்லிவைத்ததில் இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவளை எடுக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப நான் தொடலைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சாக்கா?"

"தெரிஞ்சு போச்சு."

"என்ன சொன்னாவ?"

"பட்டையை மாத்தச் சொன்னாங்க" என்றேன்.