நோய் வரலையே என்று ஒரு கவலை

"சார், எங்கேயாவது ஒரு புள்ளி தெரியுதா பாருங்களேன்... ப்ளீஸ்!"

மூன்று வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை. பெங்களூருக்கு வெளியே, அத்திபெலே தாண்டி ஒரு தக்காளி வயலில் குனிந்து குனிந்து என் இடுப்பே கழன்றுவிட்டது. ஆர்டர் போட்டவர் ரேவதி. வைட்ஃபீல்டில் எங்கள் எதிர் ஃப்ளாட். பயிருக்கு வருகிற பூஞ்சை நோய்க்கு ரசாயனம் இல்லாத மருந்து தயாரிக்கும் கம்பெனியில் வேலை. மருந்து என்றால் உயிருள்ள பாக்டீரியா. நல்ல கிருமியை ஏவிவிட்டுக் கெட்ட பூஞ்சையை அடக்குவது! கேட்டபிறகு சும்மா இருப்பேனா? காரில் தொற்றிக்கொண்டேன்.

பாலிஹவுஸில், அதாவது பிளாஸ்டிக் கூரை போட்ட கூடாரத்தில், இந்த மருந்து ஏற்கெனவே பாஸ். அங்கே நோயையும் இவர்களே தெளித்துப் பரப்பிவிடலாம். திறந்த வயலில்? நோய் தானாக வந்தால்தான் உண்டு. அதனால் வயல் முழுக்க மருந்து, ஓரமாக மூன்று வரிசைக்கு மட்டும் வெறும் தண்ணீர். அந்த மூன்றும் கருகி, மற்றது பச்சையாக நின்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

ஆனால், மூன்றும் ஜம்மென்று நின்றன!

"சென்னாகிதே மேடம், நல்லா இருக்கு! இந்த வாட்டி ஒரு ரோகமும் இல்ல" என்று பூரித்துப்போனார் நிலத்துக்காரர் முனியப்பா. ரேவதிக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்த சீசன்ல நோய் வரலேன்னா ப்ராஜெக்ட்டையே மூடிடுவாங்க சார். பண்ணின வேலை எல்லாம் வேஸ்ட்."

சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் உறைத்தது. நோயே வராத வயலில் எல்லா மருந்தும் நல்ல மருந்துதானே? ஜலதோஷம் பிடிக்காத மாதத்தில் குடித்த கஷாயத்தை நான் எத்தனை பேருக்கு சிபாரிசு செய்திருக்கிறேன்... கடவுளே!

அடுத்த வாரம் பிடித்தது தூறல். விடவே இல்லை. முந்தாநாள் முனியப்பா போன் செய்தார்.

"மேடம்... வந்துடுச்சு."

மறுபடி தொற்றிக்கொண்டேன். அந்த மூன்று வரிசையிலும் இலைக்கு இலை கருப்பு வளையம். அடி இலைகள் காய்ந்து தொங்கின. பக்கத்து வரிசைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி. ரேவதி ஒவ்வொரு செடியாக எண்ணி டேப்லெட்டில் ஏற்றினார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும்தான்!

முனியப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"இப்பவாவது இதுங்களுக்குக் கொஞ்சம் மருந்து அடிச்சிடலாமா மேடம்? பார்க்க ஆகல."

ரேவதியின் சிரிப்பு நின்றது. "இன்னும் ரெண்டு தடவை எண்ணணும்ணா. அதுவரைக்கும் தண்ணி மட்டும்தான்."

முனியப்பா ஸ்ப்ரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, கருகிய செடிகளுக்கு அந்த வெறும் தண்ணீரையே ஒரு இலை விடாமல் நிதானமாக அடித்தார்.

நாளைக்குப் பாட்டிலில் மருந்தின் பேர் இருக்கும், கம்பெனியின் பேர் இருக்கும். பச்சைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு மருந்தை ஜெயிக்கவைத்த மூன்று வரிசைக்கு? யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.