ப்ளீச்சில் கரைந்த கறுப்பு

பிள்ளைகளே, உங்கள் அப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன், ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிறவன். போன மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். அதை நீங்கள் என் வாயாலேயே அறிய வேண்டும்.

மூத்தவளின் சாதகக் குறிப்போடு சேர்த்துக் கொடுக்கப் படம் கேட்டார் கல்யாணத் தரகர். வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் அவளைப் படம் எடுப்பித்தோம். அதை வாங்க நான் மட்டும் போனேன். கடைக்காரர் கணினியில் அவள் முகத்தைப் பெரிதாக்கினார்.

"ஐயா, கொஞ்சம் வெளுப்பாக்கட்டோ? எல்லாரும் கேக்கிறவை."

"ஓம். ஆனா செய்தது தெரியப்படாது."

அவர் வெளுப்பாக்கினார். இன்னும் கொஞ்சம் என்றேன். பிறகும் சொன்னேன்.

"இதுக்கு மேல போனா மூக்குக் காணாமப் போயிடும் ஐயா" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன், வெட்கம் கெட்டவன்.

வெளுத்த படத்தைக் குறிப்போடு உறையில் வைத்தேன். உள்ளபடி எடுத்த படத்தை அலுமாரித் தட்டில் விரித்த பேப்பருக்கு அடியில் ஒளித்தேன். சனிக்கிழமை தரகர் வந்து உறையை எடுப்பதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை ஆய்வுகூடத் தொட்டியருகே ஒரு கண்ணாடித் துண்டு கறுத்துக் கிடந்தது. சவர்க்காரத்துக்கு அசையவில்லை. ப்ளீச்சில் ஊறப்போட்டுத் தேய்த்தேன். கறுப்பு மண்ணிறமாகி, வெளிறி, கரைந்து போனது. ஆராய்ச்சி செய்கிற மிஸ் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"அண்ணை, அது ஊத்தையில்லை. மூண்டு நாளா நான் செய்த வேலை."

"கறுப்பாக் கிடந்தா வேற என்னெண்டு நினைக்கிறது, மிஸ்?"

"நீங்களும் நானும் என்ன நிறம் அண்ணை?"

பிறகு இன்னொரு துண்டைக் காட்டினார். டோபமீன் என்ற பொடியைச் சற்றே காரத்தன்மை உள்ள தண்ணீரில் கரைத்தால், காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு, சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து கறுத்து, கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளுமாம். நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினுக்கு நெருங்கிய பொலிமர். விழுகிற வெளிச்சத்தை விழுங்கி வெப்பமாக்கிவிடுமாம். அந்தத் துண்டில் இரண்டு கம்பி பொருத்தி, மின்சாரம் அளக்கும் மீட்டரோடு இணைத்தார். உலர்ந்திருந்தபோது மீட்டர் அசையவேயில்லை. ஈரப் பஞ்சோடு ஒரு பெட்டியில் வைத்து மூடியதும் எண் மெல்ல ஏறியது.

"ஈரம் பிடிச்சா இலத்திரனோட புரோத்தனும் ஓடும் அண்ணை. ப்ளீச் போட்டா பிணைப்பெல்லாம் அறுந்துபோம். வெள்ளையாத்தான் வரும், ஆனா ஒண்டுக்கும் உதவாது."

எனக்கு மூத்தவளின் படம் நினைவுக்கு வந்தது. வீடிருக்கும் கொட்டாஞ்சேனைக்கு வந்து இறங்கும்வரை கையில் ப்ளீச் மணத்தது. பஸ் கம்பியைப் பிடித்த அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாயிருந்தது.

வீட்டில் ஒருவருமில்லை. உறையைத் திறந்தேன். மூத்தவளே, அந்த முகத்தில் உன் கன்னத்து மச்சம்கூட இல்லை. யாரோ ஒரு பிள்ளை. நாலாய்க் கிழித்து, மீன் செதில் கிடந்த குப்பைப் பையில் போட்டேன். பேப்பருக்கு அடியிலிருந்த உன் படத்தை எடுத்து, உடுத்திருந்த சாரத்தில் துடைத்து, குறிப்போடு வைத்து உறையை ஒட்டினேன்.