சம்பந்தியோடு போர்க்களம் பார்த்த கதை

திருச்சிக்கு வருகிற விருந்தாளிகள் வழக்கமாக என்ன கேட்பார்கள்? ரங்கநாதர் தரிசனம், உச்சிப்பிள்ளையார், போகிற வழியில் பெரிய கடை வீதி. தாம்பரத்திலிருந்து வந்த என் சம்பந்தி செண்பகம் அம்மா, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது வேறு.

“இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சண்டை போட்ட இடத்தைப் பார்க்கணுமே, எப்படிப் போகணும்?”

ரிட்டயர்டு ஹிஸ்டரி டீச்சர். வேறு எப்படிக் கேட்பார்?

எனக்கும் அவரை வெளியே அழைத்துப் போக ஒரு காரணம் தேவைப்பட்டது. பிரசவத்துக்காக ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள் என் மகள் நித்யா. அவளுக்கு மாமியாரிடமிருந்து தினமும் மூன்று போன். சாப்பிட்டியா என்பதெல்லாம் ஒரு வரிதான். குழந்தை அசைஞ்சுதா, எத்தனை தடவை, நேத்து மாதிரியேவா... இதுதான் முக்கால்வாசி. “நீ பேசிடும்மா. இல்லன்னா நான் பேசிடுவேன்” என்று நித்யா கெடு வைத்திருந்தாள். அவள் பேசினால் எப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியும். என்னைப் போலவே பேசுவாள்.

ஆக, நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு கிளம்பினேன். ‘தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி...’ என்று ஆரம்பிக்கும். இப்படி ஆரம்பிக்கும் எதையாவது யாராவது சரியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்களா, சொல்லுங்கள்?

மலைக்கோட்டைப் படிகளில் சொல்ல முடியவில்லை. மூச்சு வாங்கியது. எனக்குத்தான். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர், விறுவிறுவென்று ஏறி, உச்சியில் நின்று வகுப்பையே ஆரம்பித்துவிட்டார். இந்தக் கோட்டையில் ஆங்கிலேயர்கள், எதிரே ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள், நடுவே காவிரி. அந்தக் காவிரிப் பாலத்தில் இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் ஆபீஸ் போய் வந்தவள் நான். ஜன்னல் சீட் கிடைக்குமா என்பதைத் தவிர வேறு எந்தப் போரும் எனக்குத் தெரியாது. நான் குடியிருப்பது பிரெஞ்சுக்காரர்கள் முகாம் போட்ட தீவில் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்!

இறங்கி, தெப்பக்குளத்துப் பக்கம் இருக்கிற பழைய சர்ச்சுக்குப் போனோம். அந்தக் காலத்தில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பாதிரியார் கட்டியது என்றார். எத்தனை முறை அந்த வழியாக ஜாக்கெட் துணி வாங்கப் போயிருப்பேன்... ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. வெளியே கூட்டமும் ஹாரனும். உள்ளே ஆள் அரவமே இல்லை. கல்லறைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். சிப்பாய், சிப்பாயின் மனைவி, அதிகாரி. பேசுவதற்கு இதுதான் இடம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை.

நாலடி பின்னால், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சின்னக் கல்லின் முன்னால் நின்றிருந்தார். யாரோ ஒரு சார்ஜென்ட்டின் குழந்தை. வயது பதினோரு நாள்.

டீச்சர் குரல் போய்விட்டிருந்தது. மெதுவாகச் சொன்னார். மாப்பிள்ளைக்கு முன்னால் அவருக்கு ஒரு பெண் குழந்தை. ஒன்பதாம் மாதம். வயிற்றிலேயே போய்விட்டது.

“ரெண்டு நாளா அசைவே இல்லை. அதைச் சொல்லணும்னு எனக்குத் தெரியலை. வீடு நிறைய ஆளுங்க. ஒருத்தர்கூடக் கேக்கலை.”

என் வாக்கியம்? அங்கேயே விழுங்கிவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சம்பந்திகள் கையைப் பிடித்துக்கொள்வது கல்யாண போட்டோவில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

நித்யாவிடம் சொல்லிவிடாதீர்கள், பயந்துவிடுவாள் என்று கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், “பேசிட்டியாம்மா?” என்றாள் நித்யா. இனிமேல் அந்த போனை நானே எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எடுத்தேன். மூன்று வேளையும் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கணக்குச் சொன்னேன். நித்யா என்னையும் முறைத்தாள்.

பேத்தி சுகமாகப் பிறந்தாள். போன வாரம் பெயர் வைத்தோம். கூட்டமெல்லாம் கிளம்பிய பிறகு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு செண்பகம் அம்மா தானே மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். இதைக் கதையாக எழுதிக்கொள்ளுங்கள் என்று எனக்கும் அனுமதி கொடுத்தார்.

நித்யா மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்தப் பாப்பாவுக்கு ஏதாவது பேர் யோசிச்சு வெச்சிருந்தீங்களா அத்தை?”

யோசித்து வைத்திருந்தார். முப்பத்து மூன்று வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

என்ன பெயரா? அதை எழுத மட்டும் நான் அனுமதி கேட்கவில்லை.