மழைக்காகக் கழற்றிய மட்கார்டு

எங்கள் கரிசல் காட்டில் மழை வரப்போகிறது என்றால் சைக்கிள் வைத்திருப்பவன் முதலில் ஸ்பேனரைத் தேடுவான். நனைந்த கரிசல் மண் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே வந்து மட்கார்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பிரேக் கட்டை இருந்தால் அதிலும் அப்பிவிடும். பத்தடிக்கு மேல் சக்கரம் உருளாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அதனால் புரட்டாசி கடைசியில் மேகம் கூடியதும் மட்கார்டு, பிரேக் இரண்டையும் கழற்றிக் கூரை எரவாணத்தில் சொருகிவிடுவோம். நிற்க வேண்டுமென்றால் டயர் செருப்பை முன்சக்கரத்தில் வைத்து அழுத்தினால் போதும். மேடும் இல்லாத, பள்ளமும் இல்லாத ஊருக்கு அது போதுமான பிரேக்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் மேகத்தை நம்பி ஊரே கழற்றிப் போட்டது. நானும் கழற்றினேன். புழுதியிலேயே விதைத்தும் விட்டேன். மேகம் நான்கு நாள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு எங்கேயோ போய்விட்டது.

அப்போது என் மனைவி என்னோடு இல்லை. போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்களுக்கு முதலில் பிறந்த பெண் குழந்தை பதினோரு நாள்தான் இருந்தது. அதைப் புதைத்துவிட்டு வந்த அன்று, குளித்த ஈரம் காயுமுன்னே, "நீ ஒழுங்காப் பாத்திருந்தா பிள்ள பொழச்சிருக்கும்" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பழியை யார் மேலாவது போட வேண்டியிருந்தது, பக்கத்தில் அவள் இருந்தாள். அவள் அழவில்லை. அதற்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை. அடுத்த வாரம் அவள் அண்ணன் வந்து அழைத்துக்கொண்டு போனான். ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பக்கம், மலை இறங்கினால் வரும் ரப்பர் தோட்டத்தில் அவனுக்கு வேலை. போனவள் தானாக வரட்டும் என்று நான் வீம்பாக இருந்தேன். கடிதம் எழுத உட்கார்ந்து எழுதாமலே எழுந்த நாட்கள் எத்தனையோ.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் எனக்குக் கணக்கெழுதும் வேலை. குச்சிக்கான மரம் மலையாள நாட்டில் அந்தத் தோட்டத்துப் பக்கமிருந்து லாரியில் வரும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மரத்தை இறக்கிவிட்டு டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க மச்சான் தோட்டத்த விட்டுக் கெளம்புதாரு. சனிக்கிழம காலைல ஜீப்பு வருது. குமுளிக்கு மேல ஏலத்தோட்டமாம். ஒங்க வீட்ல உள்ளவியளும் போறாவ."

"எந்தத் தோட்டம்?"

"அது தெரியல. அங்கன போயிட்டா, வார சோலியே இல்லன்னு சொல்லுதாவ."

அவர் வண்டி தூத்துக்குடிக்குப் போகிற வண்டி. பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து மூன்றாவது நாள். ரயிலுக்கு விருதுநகர் போய் மாற வேண்டும். அன்றைக்கே கிளம்பியிருந்தால் எப்படியாவது பிடித்திருக்கலாம். நான் சாயங்காலம்வரை நாற்காலியில் உட்கார்ந்து, போகத்தான் வேண்டுமா என்று என்னோடேயே வழக்காடிக்கொண்டிருந்தேன். ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது. இனி அவளுக்குக் கடிதம் போட ஒரு விலாசம்கூட இருக்காது. விருதுநகர் ரயில் விடியுமுன்னே போயிருக்கும், அதனால் விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். எரவாணத்தில் இருந்த பிரேக்கைப் பற்றி நினைக்கவே இல்லை.

கழுகுமலை, சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி என்று வெள்ளிக்கிழமை முழுவதும் மிதித்தேன். எதிர்காற்று ஆள் வைத்ததுபோல் என்னைப் பின்னுக்குத் தள்ளியது. செங்கோட்டை போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. மலை தாண்டும் ரயில் மறுநாள் வெயில் ஏறித்தான் என்றார்கள்; ஒரு பலசரக்குக் கடை வாசலில் படுத்து, அதுவரை பொறுக்க முடியாமல் சனிக்கிழமை கருக்கலில் எழுந்து புளியரை வழியாக மலை ஏறினேன்.

நான் அதுவரை மலைப்பாதையைப் பார்த்ததில்லை. ஏற்றம் தொடங்கியதுமே மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். ரோட்டில் ஒரு ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கூடி நின்றதால் பகலா, சாயங்காலமா என்று சந்தேகமாக இருந்தது. மூங்கில் புதருக்குள் எதுவோ முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பாறைகளில் தண்ணீர் சும்மா வழிந்துகொண்டிருந்தது. ஓடையில், கல்லிடுக்கில், ரோட்டோரச் சாக்கடையில்கூடத் தெளிந்த தண்ணீர். குடிக்க ஆள் இல்லை, விதைக்க நிலம் இல்லை, யாருக்காக இந்தத் தண்ணீர்? அதைப் பார்த்து எனக்கு அழகு என்று தோன்றவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இதில் ஒரு நாள் தண்ணீர் எங்கள் பக்கம் திரும்பியிருந்தால் நாங்கள் இருவரும் இப்படி ஆகியிருக்க மாட்டோம் என்று புலம்பிக்கொண்டே தள்ளினேன். பொய்தான். அந்த வார்த்தையை மழை சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

வழியெல்லாம் அவளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு வசனம். அடுத்த வளைவில் அது எனக்கே பிடிக்காமல் போகும்.

ஆரியங்காவில் டீக்கடைக்காரர் கிளாசைக் கொடுத்துவிட்டு என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"பிரேக் எங்க?"

"எங்க ஊர்ல வேண்டாம்."

"உங்க ஊர்ல இறங்கலையே. இங்கயில்லா இறங்கப் போறது." உள்ளே போய் ஒரு வெட்டரிவாளும் கயிறும் எடுத்து வந்தார். ரோட்டோரம் நல்ல இலை அடர்ந்த கிளை ஒன்றை வெட்டி, என் கேரியரில் கயிற்றால் கட்டி, பின்னால் ரோட்டில் கிடக்கும்படி விட்டார். "இது இழுத்துப் பிடிச்சுக்கிடும். பையப் போணும். அவசரப்பட்டு அவுத்திராத."

கிளை சரசரவென்று இழுபட, மாட்டு வண்டி வேகத்தில் இறங்கினேன். இறக்கத்திலும் மிதிக்க வேண்டியிருந்தது. தூரத்தில் கல் வளைவுப் பாலத்தின்மேல் கொல்லம் ரயில் என்னைத் தாண்டிப் போனது. வியாழக்கிழமையே எழுந்திருந்தால் நானும் இப்படி ஒரு ரயிலில் உட்கார்ந்து எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பேன். வெயில் மரங்களுக்கு நடுவே உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஜீப் வந்திருக்கும், பெட்டியை ஏற்றியிருப்பார்கள், அவள் ஏறி உட்கார்ந்திருப்பாள் என்று மனசு ஒவ்வொன்றாகச் சொன்னது. தாங்க முடியவில்லை. நிறுத்தி, கயிற்றை அவிழ்த்து, கிளையை ஓரத்தில் வீசினேன்.

முதல் வளைவு சரியாகத்தான் போனது. இரண்டாவதில் செருப்பை டயரில் வைத்து அழுத்தினேன். ரோட்டில் வழிந்த தண்ணீரில் நனைந்த டயரில் செருப்பு வழுக்கியது. மூன்றாவது வளைவில் மதகுச் சுவர் எதிரே வந்தது. திருப்பினேன், அவ்வளவுதான் ஞாபகம். கண் திறந்தபோது நான் சாக்கடைத் தண்ணீரில் கிடந்தேன். சைக்கிள் நடுரோட்டில் கிடந்தது. முட்டி கிழிந்து, உள்ளங்கையில் தோலே இல்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. முடிந்தது, போய்விட்டாள் என்று அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

கீழிருந்து ஒரு வண்டி முனகிக்கொண்டு ஏறி வந்தது. வளைவில் திரும்பியதும் சைக்கிள் வழியை மறித்துக் கிடக்கவே நின்றது. ஜீப். மேலே பாய், பெட்டி, சட்டி பானை கட்டியிருந்தது. குமுளிக்கு இந்தக் கணவாய் ஏறித்தான் போகிறார்கள். மச்சான்தான் முதலில் குதித்தான். "மாப்ள, நீங்க எங்க இங்கன?" என்று என்னைத் தூக்கினான். பின்னால் அவள் இறங்கினாள். முன்னைவிட இளைத்திருந்தாள்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ரத்தத்தையும் பார்க்கவில்லை. கிடந்த சைக்கிளைத்தான் வெகுநேரம் பார்த்தாள். மட்கார்டு இல்லாத சக்கரம் கோணிக் கிடந்தது.

"மழ பெஞ்சுதா?" என்றாள்.

எட்டு மாதத்திற்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. இல்லை என்று சொன்னால் ஜீப்பில் ஏறிவிடுவாள் என்று பயந்தேன்.

"பெஞ்சுது. நல்ல மழ. காடு பூராவும் மொளச்சிருக்கு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். குனிந்து சைக்கிளை நிமிர்த்தி ஓரமாக நிறுத்தினாள். பிறகு ஜீப்பின் பின்பக்கம் போய்த் தன் தகரப் பெட்டியை இறக்கினாள். மச்சான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். "நான் போறேண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

வழியில் கிடைத்த லாரியில் செங்கோட்டை வந்து, அங்கே கோணிய சக்கரத்தை நிமிர்த்தி, கைக்கு மருந்து வைத்துக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை ரயிலில் சைக்கிளையும் ஏற்றி சங்கரன்கோவிலில் இறங்கினோம். அங்கிருந்து பெட்டி மடியில் இருக்க அவள் கேரியரில் உட்கார்ந்து வந்தாள். கழுகுமலை தாண்டியதும் கரிசல் தொடங்கியது. ரோட்டின் இரண்டு பக்கமும் கால் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பச்சை என்று சொல்ல வேலிக்கருவை தவிர ஒன்றுமில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் மிதித்தேன். எப்போது கேட்பாள், எப்போது இறங்குவாள் என்று முதுகெல்லாம் வேர்த்தது.

எங்கள் புஞ்சை வந்ததும் நிறுத்தச் சொன்னாள். உள்ளே நடந்துபோய்க் குத்தவைத்து, விரலால் மண்ணைக் கிளறினாள். விதைத்த சோளம் விதைத்தபடியே இருந்தது. அதை மறுபடி உள்ளே வைத்து மூடிவிட்டு வந்தாள்.

"பொய் சொல்லிட்டேன்" என்றேன். "அன்னைக்கும் ஒண்ணு சொன்னேன். அதுவும் பொய்தான்." 

அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மழ பெய்யலன்னு மலையிலேயே தெரியும். சைக்கிளத் தூக்குனப்பவே பாத்தேன். சக்கரத்துக்கு மேல, இடுக்குல, எங்கயும் ஒரு பொட்டு மண்ணு இல்ல. நம்ம மண்ணு ஒட்டினா அம்புட்டுச் சீக்கிரம் போயிருமா?"

பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

"போங்க" என்றாள்.