அத்தையைக் கம்ப்யூட்டரில் பெண் பார்த்தது

அப்பாவின் தங்கையை, அதாவது என் அத்தையை, மாப்பிள்ளை கம்ப்யூட்டரில்தான் பெண் பார்த்தார். அவருக்குத் துபாயில் வேலை. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அத்தை தன் சிப்காட் கம்பெனிக்கு லீவு போட்டாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டேன்.

கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்தது பிரவுசிங் சென்டர். கேமரா வைத்த கம்ப்யூட்டர் அங்கே ஒன்றுதான். ஓர் ஆள் உட்காரும் தடுப்புக்குள் பட்டுப்புடவையில் அத்தை. பின்னால் அப்பா, அம்மா, மாப்பிள்ளையின் அம்மா. எனக்கு இடமில்லை. மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டேன். அங்கிருந்து ஒயர்களும் கால்களும்தான் தெரிந்தன. மாப்பிள்ளை எனக்கு வெறும் குரல்தான்.

"சரியா தெரியலம்மா. எழுந்து நின்னு சுத்திக் காட்டச் சொல்லு."

அத்தையின் கொலுசுக் கால்கள் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றின.

"போதுமா நைனா?" என்றாள் அவர் அம்மா.

"இன்னொரு வாட்டி."

மறுபடியும் சுற்றின. பிறகு அத்தை உட்கார்ந்தாள்.

"முடிவான உடனே கம்பெனி வேலைய வுட்டுடணும்."

"அதுக்கின்னாங்க, நாளைக்கே நிறுத்திட்றோம்" என்றார் அப்பா.

அத்தையின் கால்விரல்கள் ஒரு கறுப்பு ஒயரின் மேல் பட்டன. ஒயர் கழன்று விழுந்தது. குரல் நின்றுபோயிற்று.

"இன்னாபா ஆச்சு?" என்று அப்பா கூப்பிட, சென்டர்க்காரர் வந்து குனிந்து பார்த்தார். ஒயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையின் காலையும் பார்த்தார். நிமிர்ந்து, "லைன் பேஜாரு பண்ணுதுங்க. இன்னிக்கு வராது" என்றார்.

முதல் பார்வையிலேயே தடங்கல் என்று முகம் சுருங்கிக் கிளம்பினாள் மாப்பிள்ளையின் அம்மா. அந்த இடம் அமையவில்லை. மறுநாள் காலை அத்தை வழக்கம்போல் கம்பெனி பஸ் ஏறினாள்.

பெண் பார்த்த அன்று ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. காதருகே போய், "உன் காலு பட்டு ஒயரு கழண்டுக்கினத நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன் அத்தை" என்றேன்.

அத்தை திரும்பி என்னையே பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து, எங்கள் ஊர் வரும்வரை அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வந்தேன்.