மகளுக்கு வராத அழைப்பு

தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு வாய் கசக்கும். நான் யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய காலத்தில், பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கும் புள்ளிகளை அரசு முதலில் இனம் பார்த்தும் பிறகு மாவட்டம் பார்த்தும் மாற்றியது. பொறியியல் பீடத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. என்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்த, பின்தங்கிய மன்னார் மாவட்டப் பையன் ஒருவன் போனான்.

நோர்வேயில் ஒஸ்லோவுக்கு வந்து படித்து, ஓர் அரசு அலுவலகத்தில் பொறியியலாளன் ஆனேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பித்தவர்களில் தகுதியுள்ள வெளிநாட்டுப் பின்னணியினர் இருந்தால், ஒருவரையாவது நேர்முகத்துக்கு அழைக்க வேண்டும். அதைத் தொடர்வதா என்று பேச ஒரு வெள்ளிக்கிழமை கூடினோம். எங்கள் தலைவர் கேக்கை வெட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். ஈஸ்டர் விடுமுறைகளில் தன் மலைக்குடிலுக்கு அழைத்துப்போய் எனக்குப் பனியில் சறுக்கப் பழக்கிய நண்பர் அவர். அந்த மேசையில் கறுத்த முகம் என்னுடையது மட்டுமே.

"நான் தகுதியால் வந்தவன். பின்னணி பார்த்து இடம் கொடுப்பது அநியாயம். என் நாட்டில் அதை அனுபவித்திருக்கிறேன்" என்றேன். எல்லோரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள். வழக்கம் நின்றது.

நான் ஓய்வுபெற்ற பின் என் மகள் அதே அலுவலகத்துக்கு விண்ணப்பித்தாள். அவளுடன் படித்த நோர்வேக்காரிக்கு அழைப்பு வந்தது. அவளைவிட நல்ல புள்ளிகள் எடுத்த என் மகளுக்கு வரவில்லை. இன்னும் பதவியில் இருந்த தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நீதானே பின்னணி பார்க்க வேண்டாம் என்றாய்?" என்று சிரித்தார். "உன்னையே அந்த வழக்கத்தால்தான் கூப்பிட்டோம். உன் பெயரை வாசிக்கக்கூட எங்களுக்குத் தெரியவில்லை. வந்த பிறகு உன்னைப் பிடித்துப்போனது."

அதைத் தெரிந்துகொண்டேதான் அன்று என்னைப் பேசவிட்டிருக்கிறார். அத்தனை ஈஸ்டர்களிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீங்கள் வந்த கதவை நீங்களே பூட்டிப்போட்டியளோ, அப்பா?"

"தெரியாமல் கதைச்சிட்டன், பிள்ளை. ஊரிலை எங்களுக்குச் செய்ததைத்தான் நினைச்சனான்."

"அந்த மன்னார்ப் பெடியனும் தமிழன்தானே? உங்கட பள்ளிக்கூடத்திலை சயன்ஸ் லாப் இருந்தது எண்டு பெருமை அடிப்பியள். அவன்ரை பள்ளிக்கூடத்திலை இருந்ததோ?"

"இருந்திராது."

"ம்ம். கேக் எண்டாலும் நல்லா இருந்ததோ?"

இனத்தைச் சொல்லி எங்களைத் தள்ளிவிட்டதையும், நெடுங்காலம் தள்ளிவைக்கப்பட்டவனுக்குக் கதவு திறந்துவிடுவதையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பினேன். படித்தவன் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். பழைய அநியாயம் தானாகச் சரியாகாது, சமூகம் முனைந்துதான் திருத்த வேண்டும் என்று இப்போது சொல்வேன். இப்போது என்னை யாரும் கேட்பதில்லை.

மகள் இன்னும் வேலை தேடுகிறாள். எங்கே விண்ணப்பிக்கிறாள் என்று என்னிடம் சொல்வதில்லை.