அஞ்செட்டி மலையில் நான் ரிஜெக்ட் செய்த பூக்கள்

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அஞ்செட்டிப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு வேண்டிய வழி, பஸ், சாப்பாட்டு விவரம் எல்லாம் இதில் இருக்கிறது. கூடவே நான் அங்கே செய்துவிட்டு வந்த காரியமும் இருக்கிறது. படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். என்னை நானே திட்டிக்கொண்டது போக மிச்சம் இருந்தால் உங்களுக்கு.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். காரணம், எங்கள் மாடி வீட்டில் குடியிருக்கும் கலைவாணி மேடம். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறார், சொந்த ஊர் தர்மபுரி. அஞ்செட்டிக்கு மேலே மலையில் ஒரு காட்டுக் காசித்தும்பை பூக்கிறது. பூவுக்குப் பின்னால் நீளமாக ஒரு வால் தொங்கும். அடிவார ஓடைக்கரையில் பூப்பதற்கு வால் குட்டை. மலைமேல் இருப்பது இந்தக் குட்டைவாலின் இன்னொரு வகைதான் என்று புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். இல்லை, அது தனிச் சிற்றினம் என்று மேடம் நான்கு வருடமாக மழையிலும் அட்டைப்பூச்சியிலும் அலைந்து, ஆய்விதழ் ஒன்றுக்கு எழுதியும் அனுப்பிவிட்டார். இரண்டும் கலந்து நிற்கும் இடத்தில் அளந்து காட்டுங்கள், பிறகு ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்திருந்தது.

நான் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். "அளக்குறதுதான மேடம்? அதத்தான தினமும் செஞ்சிட்டு இருக்கேன். எங்கிட்ட விடுங்க" என்று மார்தட்டினேன். என் மனைவி, "லீவு நாள்லயும் அளக்கப் போறீகளாக்கும்? இருக்கிற கிறுக்கு பத்தாதா?" என்றாள். நாங்கள் விருதுநகர்க்காரர்கள், வீட்டுக்குள் இன்னும் அந்தப் பேச்சுதான். நான் டிஜிட்டல் வெர்னியரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் என்று மேடத்திடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஓசூர் பேருந்து நிலையத்தில் காலை ஐந்தே முக்காலுக்குத் தேன்கனிக்கோட்டை பஸ். இருபத்தைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே இட்லி சாப்பிட்டுவிடுங்கள், அதற்கு மேல் கிடைப்பது நிச்சயமில்லை. அஞ்செட்டி பஸ் ஏழேகாலுக்கு வந்தது. அதுவும் ஏறக்குறைய அதே தூரம்தான், ஆனால் காட்டுக்குள் வளைந்து இறங்கும் பாதை. யானை நடமாட்டம் உண்டு. மேடம் பக்கத்து சீட்டிலிருந்து விளக்கிக்கொண்டே வந்தார்: இரண்டும் சேர்ந்து நிற்கிற இடத்தில் நடுத்தர வால் இருக்கிற பூ நிறைய இருந்தால் அவை தமக்குள் கலக்கின்றன என்று அர்த்தம், அப்போது அது வெறும் வகைதான். நடு அளவே இல்லையென்றால் தனி இனம் என்பதற்குப் பெரிய பலம். நான் யானை தெரிகிறதா என்று ஜன்னலில் பார்த்தபடி தலையாட்டினேன். யானையும் தெரியவில்லை, அவர் சொன்னதும் சரியாக ஏறவில்லை.

அஞ்செட்டியிலிருந்து முனிராஜ் என்பவரின் ஜீப். ஒன்பது கிலோமீட்டர் மண் பாதை, போக வர எண்ணூறு ரூபாய். இடுப்பெலும்பு தனித்தனியாகக் கழன்று வரும். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், போனில் தெலுங்கு என்று மாறி மாறிப் பேசினார். இந்தப் பூவுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டேன். "பேரா? மாடு தின்னாது சார் அத. தின்னாததுக்கு எவன் சார் பேரு வெப்பான்?" என்றார். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

வண்டி நின்ற இடத்திலிருந்து நாற்பது நிமிட ஏற்றம். மேடு முழுக்க ஊதா நிறம். மேடம் உச்சிக்குப் போனார். இரண்டும் கலந்து நிற்கிற நடுச்சரிவை என்னிடம் ஒப்படைத்தார். முனிராஜ் எனக்குத் துணை. கயிறு கட்டிய கட்டத்துக்குள் இருக்கும் பூக்களைப் பறித்து அளக்க வேண்டும், அதற்கு மேடம் வனத்துறை அனுமதி வாங்கியிருந்தார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம். எங்கள் லைனில் இரண்டு மாடல் பீஸ் சேர்ந்து ஓடும். கையில் எடுத்ததும் இது முதல் மாடல், இது இரண்டாவது மாடல் என்று பிரித்துவிடுவோம். இரண்டிலும் சேராத பீஸ் வந்தால் அளப்பதுகூடக் கிடையாது, நேராகச் சிவப்பு டப்பா. பதினொரு வருடமாக என் கைக்கு அதுதான் பழக்கம். அந்தச் சரிவில் உட்கார்ந்ததும் கை அதையே செய்தது. நீள வால் ஒரு பக்கம், குட்டை வால் ஒரு பக்கம். இரண்டுங்கெட்டானாக இருந்தது, வளைந்தது, பூச்சி கடித்தது எல்லாம் பின்னால் பள்ளத்துக்கு.

"அத ஏன் சார் எறியறீங்க?" என்று முனிராஜ் கேட்டார்.

"அது ரிஜெக்ட்ப்பா" என்றேன். எவ்வளவு தெம்பாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

மூன்று மணிக்கு அஞ்செட்டி டீக்கடை. மேடம் மடிக்கணினியைத் திறந்து என் அளவுகளைப் போட்டார். திரையில் இந்தப் பக்கம் ஒரு கூட்டம் புள்ளி, அந்தப் பக்கம் ஒரு கூட்டம். நடுவில் சுத்தமாகக் காலி.

"அண்ணா, பாருங்கண்ணா! நடுவுல ஒண்ணுகூட இல்ல!" அவர் குரல் உடைந்துவிட்டது. "நாலு வருஷம்ணா. எங்க டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் பைத்தியம்னாங்க என்னய."

பஸ்ஸில் அவர் சொன்னது அத்தனையும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் காலி இடத்தை உண்டாக்கியது மலை இல்லை, நான். சொல்லியிருக்க வேண்டும் இல்லையா? சொல்லவில்லை. போண்டாவைத் தின்றேன். கடைக்காரர் இன்னொன்று வைத்தார், அதையும் தின்றேன்.

திரும்பும் பஸ்ஸில் என் மனது போட்ட கணக்கு இருக்கிறதே, அதைச் சொல்லவே கூசுகிறது. எறிந்தது கொஞ்சம் பூதானே, யாருக்குத் தெரியப்போகிறது? முனிராஜ் ஆய்விதழா படிக்கப்போகிறார்? மேடமும் சந்தோஷமாக இருக்கிறார், கெடுப்பானேன்? எங்கள் லைனில் ஒரு பையன் இப்படி அளவை மறைத்தான் என்று அவனை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கத்தியவன் நான். அந்த வாய் இப்போது மூடிக் கிடந்தது.

தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறக் காத்திருந்தபோது மேடம் தன் பேராசிரியருக்குச் செய்தி தட்டிக்கொண்டிருந்தார். என் பெயரையும் நன்றியில் போடப்போவதாகச் சொல்லி, இனிஷியல் கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மேடம், அத அனுப்பாதீங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எவ்ளோண்ணா எறிஞ்சீங்க?"

"எண்ணல மேடம்."

"நடு அளவா இருந்துச்சா, இல்ல சும்மா கெட்டுப்போன பூவா?"

"தெரியல. அளக்கல."

மேடம் போனில் தட்டியதை அழித்தார். "டீக்கடையிலயே சொல்லியிருக்கலாம்ல அண்ணா? இருட்டறதுக்குள்ள மேல போயிருக்கலாம். பள்ளத்துல பொறுக்கியிருக்கலாம்." அவ்வளவுதான் கேட்டார். ஓசூர் வரும் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி இருவரும் போனோம். நடுவில் மூன்று நாள் நல்ல மழை. பள்ளத்தில் சேறுதான் இருந்தது. கட்டத்துக்குள் பூக்கள் கொட்டி, காய் தொட்டவுடன் வெடித்துக்கொண்டிருந்தது. நான் முழங்காலிட்டுச் சேற்றைக் கிளறினேன். "விடுங்கண்ணா" என்றார். நடுச்சரிவுக் கணக்கு முழுவதையும் நீக்கிவிட்டு, அடுத்த பருவத்தில் திரும்ப அளந்து அனுப்புவதாக ஆய்விதழுக்கு எழுதிவிட்டார்.

போகிறவர்களுக்கு: புரட்டாசி முதல் பாதியில் போங்கள், பிந்தினால் பூ இருக்காது. மண் பாதைக்கு மேலே ஏற வனத்துறை அனுமதி கட்டாயம். அஞ்செட்டியிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பஸ், ஜீப் எல்லாம் சேர்த்து இருவருக்கு ஆயிரத்து இருநூறுக்குள் முடியும். பூவைப் பறிக்காதீர்கள். யாருக்காவது உதவப் போனால், அவர் என்ன தேடுகிறார் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தப்பு செய்தது தெரிந்தால் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுங்கள். என் கை செய்ததைவிட, சொல்லாமல் தின்ற அந்த இரண்டு போண்டாதான் என்னை அதிகம் குத்துகிறது.

மேலே போய் நின்று, இந்த நீளவால் பூ தனி இனமா, இல்லை வகைதானா என்று உங்களில் யாராவது கேட்கலாம். இன்றைய தேதியில் வகைதான். மேடம் சொல்வது சரியாகவும் இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். அது தெரிந்திருக்க வேண்டிய வருடம் இது. என்னால் தெரியாமல் போயிற்று.